அழித்தால்தான் தெரியும்

ஒரு வீட்டில் முதன்முதலாகப் படித்தவனுக்கு வேலை கிடைக்கிறதோ இல்லையோ, உத்தியோகங்கள் நிறையக் கிடைக்கும். கரண்டு பில் கட்டுவது, ஆதாரில் போன் நம்பர் மாற்றுவது, கேஸ் புக் பண்ணுவது, மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து இது சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று தீர்ப்புச் சொல்வது எல்லாம் அவன் பொறுப்பு. சம்பளம் கிடையாது. ஏதாவது தப்பாகப் போனால் 'இதுக்குத்தான் படிக்க வெச்சமா' என்ற பாராட்டுப் பத்திரம் மட்டும் உடனே கிடைத்துவிடும்.

திண்டிவனத்தை ஒட்டிய எங்கள் ஊரில், எங்கள் வீட்டில், அந்த ஆள் நான்.

இந்த உத்தியோகங்களிலேயே பெரியது பாஸ்வேர்டு இலாகா. என் போன் போக, குடும்பத்தில் இரண்டு டச் போன்கள். ஒன்று ரேவதி அக்காவுடையது. இன்னொன்று அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பொதுவானது. அதற்கு 'ஊட்டு போன்' என்று பெயர். போன் வாங்கிய அன்றே இரண்டும் மெயில் ஐடி கேட்டன. (அது இல்லாவிட்டால் இந்தப் போன்களுக்கு உயிர் வராது.) ஆளுக்கொரு ஐடி போட்டுத் தருகிறேன் என்று சொன்னேன். அப்பா கேட்டார்:

"ஒரு ஊட்டுக்கு எதுக்குடா மூணு சாவி? உன்னுதையே போடு."

நியாயமாகத்தான் பட்டது. ஒரே ரேஷன் கார்டு, ஒரே அடுப்பு, ஒரே மெயில் ஐடி. இரண்டு போனிலும் என்னுடைய ஐடியைப் போட்டுக் கொடுத்துவிட்டு, அந்த விஷயத்தையே மறந்துபோனேன். (வாசகர்கள் இந்த இடத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவும். நான் வைத்துக்கொள்ளவில்லை.)

நான் எம்.சி.ஏ. முடித்துவிட்டுத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்த காலம் அது. அப்பா மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) மண்டியில் மூட்டை தூக்குபவர். "எம்புள்ள வேலைல சேர்ற அன்னிக்கு நான் மூட்டைய எறக்கி வெச்சிடுவேன்" என்று மண்டி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். சொன்னால் சொன்னதுதான், அதற்கு ஒருநாள் முன்னால்கூட இறக்கி வைக்க மாட்டார். சாயங்காலம் அவர் வீட்டுக்கு வரும்போது தலைமுடியில் மல்லாட்டைத் தோல் ஒட்டிக்கொண்டிருக்கும். மற்றவர்களுக்கு அது தூசி. எனக்கு அது எனக்கு வேலை கிடைக்கவில்லை என்பதற்கான நோட்டீஸ்.

அப்படி இருக்கும்போதுதான் விழுப்புரத்தில் இருக்கும் ஒரு தனியார் பள்ளியின் நோட்டீஸ் எங்கள் ஜெராக்ஸ் கடைக்கு வந்தது. கம்ப்யூட்டர் லேபுக்குப் பொறுப்பாளர் தேவை. (பள்ளியின் பெயர் வேண்டாம். காரணம் கடைசியில் புரியும்.) நகல் எடுத்துக்கொண்டிருக்கும்போதே நம்பரை மனப்பாடம் செய்து கூப்பிட்டேன். பள்ளியின் தாளாளரே எடுத்தார்.

"லேப் பாத்துக்க ஆளு கெடைக்கும் தம்பி. என் பிரச்சினை வேற. பசங்க கண்டதையும் பாத்துட்டு, பார்த்த தடத்தையே அழிச்சிட்டுப் போய்டறானுங்க. போய்ப் பாத்தா ஒண்ணுமே இருக்கறதில்ல. அதைப் புடிக்கற மாதிரி உங்களால ஏதாவது செய்ய முடியுமா?"

"முடியும் சார்," என்றேன். (அப்போது தெரியாது. முடியும் என்று முதலில் சொல்லிவிட்டு, எப்படி என்று அப்புறம் வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்வது எங்கள் தலைமுறையின் வழக்கம்.)

கற்றுக்கொண்டேன். பிரௌசரில் போய் ஒட்டிக்கொள்ளும் சின்ன நிரலை எக்ஸ்டென்ஷன் என்பார்கள். நான் எழுதியது ஒரே ஒரு வேலை செய்யும். நீங்கள் பார்க்கும் பக்கங்களை அது பேசாமல் குறித்து வைத்துக்கொண்டிருக்கும். யாரிடமும் மூச்சு விடாது. ஆனால் பார்த்ததை யாராவது அழித்தால், அடுத்த நொடி டிங் என்று மணி அடித்து, மஞ்சள் பெட்டி ஒன்றில் 'அழிக்கப்பட்டது' என்று போட்டு, எதை அழித்தீர்களோ அதைப் பெரிய எழுத்தில் காட்டும். அழிக்காதவனை விட்டுவிடும், அழித்தவனைக் காட்டிக்கொடுக்கும். 'ஒற்றன்' என்று பெயர் வைத்தேன். மணி அடிப்பது என் சொந்த யோசனை. தூங்குகிற வாத்தியாரையும் எழுப்ப வேண்டும் அல்லவா.

தாளாளர் நேரில் வந்து செய்து காட்டச் சொன்னார். முந்தின நாள் இரவு, சாப்பிடும்போது, நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"நாளைக்கு நான் காட்டப் போறது இன்னா தெரியுமா? யாரு இன்னா பார்த்தாலும், பார்த்துட்டு அழிச்சாலும், எனக்குத் தெரிஞ்சிடும்," என்றேன்.

அப்பா கையில் எடுத்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தினார். பெருமையில் நெஞ்சு அடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"போன்ல பாக்கறதுமா?" என்று கேட்டார்.

"போனு, கம்ப்யூட்டரு, எதுவா இருந்தாலும்." (இது சுத்தப் பொய். ஒற்றன் என் லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தான். ஆனால் கைதட்டல் வருகிற நேரத்தில் கணக்குப் பார்ப்பவன் எவன்.)

அம்மா கரண்டியைச் சட்டியில் வைத்தாள். கணவர் ஒரகடத்தில் நைட் ஷிப்டு என்பதால் அந்த வாரம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அக்கா, "அழிக்கறதுன்னா எப்படிடா அழிப்பாங்க?" என்று ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள். நான் அவள் போனையே வாங்கி, மூன்று புள்ளியைத் தொட்டு, பட்டியலைத் திறந்து, எந்த இடத்தில் தொட்டால் எது அழியும் என்று பாடம் நடத்தினேன். மூன்று தலைகளும் குனிந்து பார்த்தன. என் படிப்பில் என் குடும்பம் அவ்வளவு ஆர்வம் காட்டியது அதுவே முதல் முறை.

"கெட்டிக்காரப் பசங்க மொத்தமா அழிக்க மாட்டாங்க. சந்தேகம் வரும்ல. ஒண்ணொண்ணா அழிப்பாங்க," என்று கூடுதல் தகவலும் கொடுத்தேன்.

"ஒண்ணொண்ணா," என்றார் அப்பா, பள்ளிக்கூடத்தில் திருப்பிச் சொல்வதுபோல.

மறுநாள் காலையில் அப்பா மண்டிக்குப் போகவில்லை. உடம்பு அசதி என்றார். அம்மா எனக்குப் புது ஷூ வாங்கி வைத்திருந்தாள். காலில் போட்டவுடனே அது கடித்தது; என் குதிகாலில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். பிறகு வாசல்வரை வந்து, "தைரியமா பேசுடா. வாயத் தொறந்து பேசு," என்றாள். நேற்றிரவு திறந்தது போதாதென்று.

பள்ளியில் பெரிய திரை வைத்த வகுப்பறை ஒன்றைத் தயாராக வைத்திருந்தார்கள். முன்வரிசையில் தாளாளர், மடிப்புக் கலையாத வேட்டி சட்டை, நல்ல ஆகிருதி. நாற்காலியில் குஷன் போட்டு, உடம்பைப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்தார். பக்கத்தில் பிரின்சிபால் மேடம். பின்னால் ஆசிரியைகள். வாசலில் டீத் தட்டோடு அட்டெண்டர் கோவிந்தன் அண்ணன். நான் லேப்டாப்பைத் திறந்தேன். வீட்டில் சோதனைக்கென்று தனி ஐடி வைத்திருந்தேன். நல்ல காரியத்துக்கு வந்திருக்கிறோமே, சொந்தப் பெயரில் இருக்கட்டும் என்று என் சொந்த ஐடியில் நுழைந்தேன். பள்ளியின் வைஃபையும் கொடுத்தார்கள். நல்ல வேகம்.

"இப்ப ஒரு பையன் கிரிக்கெட் ஸ்கோர் பாக்கறான்னு வெச்சிக்குங்க சார். பாத்துட்டான். அழிக்கிறான்."

டிங்.

அழிக்கப்பட்டது: இன்றைய கிரிக்கெட் ஸ்கோர்.

"அட," என்றார் தாளாளர். திரும்பி ஆசிரியைகளைப் பார்த்தார். "இனிமே ஒருத்தனும் தப்ப முடியாது."

"யாருமே தப்ப முடியாது சார்," என்றேன். அன்று நான் சொன்னதில் முழு உண்மை அது ஒன்றுதான்.

டிங்.

நான் எதையும் தொடவில்லை. திரையில் அடுத்த மஞ்சள் பெட்டி எழுந்து நின்றது. தாளாளருக்கு எழுத்து எங்கே தெரிந்தாலும் வாய்விட்டுப் படிக்கும் பழக்கம்.

"'குடலிறக்கம் தானாக உள்ளே போய்விடுமா.' இது இன்னா தம்பி, இதுவும் டெமோவா?"

என் முன்னால் இரண்டே வழிகள். 'இது நான் பார்த்ததில்லை' என்றால், என் ஒற்றன் பொய் சொல்கிறான் என்று ஆகும், வேலை போச்சு. 'நான் பார்த்ததுதான்' என்றால், என் மானம் போச்சு. மானத்தை வைத்து அப்பாவின் முதுகிலிருந்து மூட்டையை இறக்க முடியாது.

"ஆமாங்க சார். முன்னாடி பாத்து அழிச்சது. கொஞ்சம் லேட்டா காட்டுது."

"உங்களுக்கா?"

"ஆமாங்க சார்."

"அடடா," என்றார் பிரின்சிபால் மேடம். "நிக்காதீங்க தம்பி. கோவிந்தன், ஒரு சேர் போடுங்க."

கோவிந்தன் அண்ணன் சேர் போட்டார். நான் உட்காரும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், கல்யாண வீட்டில் பெரியவரை உட்கார வைப்பதுபோல.

டிங்.

"'குடலிறக்கம் இருந்தால் மூட்டை தூக்கலாமா.' நீங்க எதுக்கு தம்பி மூட்டை தூக்கறீங்க?"

"பார்ட் டைம் சார்."

டிங்.

"'குடலிறக்க ஆபரேஷனை வீட்டுக்குத் தெரியாமல் செய்துகொள்ள முடியுமா.'"

பின்வரிசையில் ஒரு டீச்சர் 'ச்சு' கொட்டியது தெளிவாகக் கேட்டது. தாளாளர் மட்டும் குஷனில் ஒருமுறை நெளிந்து உட்கார்ந்தார். நான் லேப்டாப்பில் கைக்குக் கிடைத்த எல்லா பட்டனையும் அழுத்திக்கொண்டிருந்தேன். ஒற்றனை நிறுத்தும் பட்டன் என்று ஒன்று வைக்க வேண்டும் என்று எழுதும்போது தோன்றியதுதான். பசங்க நிறுத்திவிடுவார்களே என்று வைக்காமல் விட்டிருந்தேன்.

டிங்.

தாளாளர் மறுபடியும் உரக்க ஆரம்பித்தார். "'இரண்டாவது கோடு லேசாகத் தெரிந்தால்...'" அங்கேயே நிறுத்திக்கொண்டார். மீதியை அறையில் இருந்தவர்கள் தாங்களாகவே படித்துக்கொண்டார்கள். 'கர்ப்பம் உறுதியா.'

"இதுவும் உங்களுதா தம்பி?"

ஆமாங்க சார் என்று சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது.

"ஆமாங்க சார்."

டீச்சர்கள் வரிசையில் முந்தானைகள் வாய்க்குப் போயின. நான் திரையைப் பார்த்து, 'இது சும்மா பொது அறிவுக்கு' என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். டிங். 'எத்தனையாவது வாரத்தில் வாந்தி நிற்கும்.' மேடம் பக்கத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலை மெதுவாக என் பக்கம் தள்ளி வைத்தார்.

டிங்.

"'எம்.சி.ஏ. படித்த மகனுக்கு என்ன வேலை கிடைக்கும்.'"

தாளாளர் மேஜைமேல் இருந்த என் பயோடேட்டாவை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். இறக்கினார்.

"கல்யாணம் ஆகலன்னு போட்டிருக்கீங்களே தம்பி."

ஆக, அந்த அறைக்குள் நுழைந்து ஒரு டீ ஆறுவதற்குள், மூட்டை தூக்கிக் குடல் இறங்கி, மாசமாகி, வாந்தியெடுத்து, வேலை கிடைக்காத எம்.சி.ஏ. மகன் ஒருவனையும் பெற்றிருந்தேன். எங்கள் வம்சத்தில் இவ்வளவு வேகமாக முன்னேறியவர்கள் யாரும் இல்லை.

டிங்.

'புது ஷூ கடித்தால் தேங்காய் எண்ணெய் தடவலாமா.'

நான் குனிந்து என் காலைப் பார்த்தேன். குதிகாலில் எண்ணெய் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஒரு வீட்டுக்கு ஒரே சாவி. ஒரே ஐடியில் எத்தனை போன் இருந்தாலும் அத்தனையும் ஒரே பானையில் கையை விடுகிற மாதிரி. ஒன்றில் பார்த்தது எல்லாவற்றிலும் சேரும், ஒன்றில் அழித்தது எல்லாவற்றிலும் அழியும். இங்கே விழுப்புரத்தில் மணி அடிக்கிறது என்றால், அங்கே என் குடும்பமே உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்கிறது. நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே. சந்தேகம் வராதபடி.

டிங்.

'வாய் குழறும் பிள்ளை நன்றாகப் பேச மேல்மலையனூர் அம்மனுக்கு என்ன வேண்டுதல்.'

இதைத் தாளாளர் படிக்கவில்லை. மேடம்தான் கேட்டார், தணிந்த குரலில்.

"இது உங்க அம்மாவா தம்பி?"

"ஆமாங்க மேடம்." இந்த முறை உண்மை.

"அப்ப அந்த மூட்டை..."

"எங்க அப்பாங்க," என்று சொல்ல வந்தேன். அம்மா வேண்டிக்கொண்டது பலிக்கவில்லை, வாய் குழறிவிட்டது.

கொஞ்ச நாளாகவே அப்பா நடக்கும்போது ஒரு கையை இடுப்பில் வைத்து அழுத்திக்கொண்டே நடப்பார். லுங்கி அவிழாமல் பிடித்துக்கொள்கிறார் என்று நினைத்திருந்தேன். "நல்ல லுங்கியா வாங்கிக் கட்டக் கூடாதா?" என்று கேட்டுமிருக்கிறேன். அவர் சிரித்தார். எனக்கு வேலை கிடைக்கும்வரை இறக்க மாட்டேன் என்று மண்டியில் சொல்லிவிட்ட மூட்டை. அது இறங்குவதற்குள் குடல் இறங்கிவிட்டது. வெளியே சொன்னால் மூட்டையையும் இறக்கச் சொல்வார்கள். சொல்லவில்லை.

டிங் டிங் என்று அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. கோவிந்தன் அண்ணன்தான் சமயோசிதமாக மெயின் சுவிட்சை அணைத்தார். திரை போயிற்று. மின்விசிறியும் போயிற்று. லேப்டாப்பில் பேட்டரி இருந்ததால் மணி மட்டும் போகவில்லை. மூடியை இறக்கிய பிறகுதான் ஓய்ந்தது.

தாளாளர் எல்லாரையும் வெளியே அனுப்பினார். கதவு சாத்தும்வரை காத்திருந்துவிட்டு, "கிட்ட வா தம்பி," என்றார். 'நீங்க' போய்விட்டிருந்தது. திட்டு விழப்போகிறது என்று எழுந்து நின்று, ஒரே ஐடி, இரண்டு போன், அப்பாவின் மூட்டை என்று உள்ளதை உளறிக் கொட்டினேன்.

அவர் தன் குஷனைத் தட்டிக் காட்டினார்.

"உங்க அப்பாவுக்கு இருக்கற அதேதான் எனக்கும். இப்பதான் செஞ்சிக்கினு வந்தேன். உள்ள வலை மாதிரி ஒண்ண வெச்சித் தெச்சி உட்டுர்றாங்க, அவ்ளோதான். பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா தள்ளிப் போட்டா கொடலு சிக்கிக்கும். அப்புறம் உசுருக்கே பேஜாரு. நானும் ஊட்ல சொல்லாம, போன்ல பாத்துப் பாத்து அழிச்சிக்கினு இருந்த ஆளுதான்."

"சார்," என்றேன்.

"அந்த சாஃப்ட்வேரு நல்லாதான் வேலை செய்யுது. அதான் வேணாங்கறேன். எங்க பசங்க ஊட்லயும் ஒரே ஐடிலதான் நாலு போனு ஓடும். நாளைக்கு லேப்ல மணி அடிச்சா யாரு ஊட்டுக் குட்டு வெளிய வரும்னு யாருக்குத் தெரியும். பசங்க கண்டதப் பாக்காம நீ பக்கத்துல நின்னு பாத்துக்க. போதும்."

"அப்ப வேலை சார்?"

அவர் எழுந்து கதவைத் திறந்தார். வாசலில் கோவிந்தன் அண்ணன் காலி கிளாஸ்களோடு நின்றுகொண்டிருந்தார்.

"மொதல்ல ஆபரேஷன முடி. முடிச்சிட்டு வந்து வேலைல சேரு," என்றார் தாளாளர்.

உள்ளே நடந்த பேச்சில் கோவிந்தன் அண்ணன் காதில் விழுந்தது அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான். அதன் பலனுக்குப் பிறகு வருகிறேன்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நின்று வீட்டுக்குப் போன் போட்டேன். அப்பா எடுத்தார்.

"வேலை இன்னாடா ஆச்சு?"

"கெடச்சிடுச்சி. அப்பா, உனக்குக் குடலிறக்கம் எத்தினி நாளா இருக்குது?"

அந்தப் பக்கம் கோழி கத்துவது கேட்டது.

"அதான் அழிச்சிட்டனே," என்றார் கடைசியில். "ஒண்ணொண்ணாதான அழிச்சேன். உனக்கு எப்பிட்றா தெரிஞ்சிது?"

"அழிச்சதாலதாம்பா தெரிஞ்சிது."

"அழிக்காம உட்டிருந்தா?"

"தெரிஞ்சிருக்காது."

அப்பா அதை மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தார்.

"அப்ப நேத்து ராத்திரி நீ வாய மூடிக்கினு சோறு துன்னிருந்தா ஒண்ணுமே ஆயிருக்காது."

"ஆயிருக்காது."

"இதுக்கு எம்.சி.ஏ. வேற."

அக்காவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அவள் குரல் வந்ததும், "ரெண்டாவது கோடு கெட்டியாயிடுச்சாக்கா?" என்று கேட்டேன். கல்யாணமாகி வருடங்கள் ஆகிவிட்டிருந்தன. தெருவில் கேட்காத ஆள் இல்லை. உறுதியாகும்வரை மாமாவிடம்கூடச் சொல்வதில்லை என்று வைத்திருந்தாளாம். "அடப்பாவி" என்றாள். பிறகு அழுதாள். பிறகு சிரித்தாள். பின்னாலிருந்து அம்மா, "இன்னாடி, எதுக்கு அழுவுற? ஊட்டு போன இங்க குடு. டேய் ஏழுமலை, அவள இன்னாடா சொன்ன?" என்று என் பெயரைச் சொல்லித் திட்ட ஆரம்பித்து, பாதியிலேயே விஷயம் புரிந்து, "எத்தினி நாளுடி ஆவுது?" என்று அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். எனக்கு வேலை கிடைத்ததை மறுபடி யாரும் விசாரிக்கவே இல்லை. போனையும் யாரும் வைக்கவில்லை. பஸ் வரும்வரை அந்த வீட்டின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றேன்.

திண்டிவனம் பஸ்ஸில் ஏறி, வழியிலேயே முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் இறங்கி, குடலிறக்கத்துக்கு எந்தக் கிழமை பார்ப்பார்கள் என்று விசாரித்தேன். செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு ஷூவைக் கையில் பிடித்திருந்தேன். விசாரணையில் உட்கார்ந்திருந்த பெண்மணி என் ஷூவையும், நான் நொண்டுவதையும், லேப்டாப் பையையும் பார்த்துவிட்டு, "உனக்காப்பா?" என்று கேட்டார். என் வாய் ஆமாங்க என்று சொல்லக் கிளம்பியதைப் பாதியில் பிடித்து நிறுத்தினேன்.

அடுத்த வாரமே அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனோம். மண்டியில் என்ன சொல்வது என்பதுதான் அவருக்கு ஒரே கவலை. "புள்ளைக்கு வேலை கெடச்சிடுச்சின்னு சொல்லு. அது உண்மைதான," என்றாள் அம்மா. அப்படியே சொன்னார். மூட்டையை இறக்கி வைத்தது சொன்ன சொல்படிதான் என்று மண்டியில் இன்றுவரை பேச்சு. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இனி கனமான எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். இப்போது அவர் மண்டி வாசலில் எடைபோடும் இடத்தில் உட்கார்ந்து, மூட்டை தூக்குகிறவர்களுக்கு எப்படித் தூக்க வேண்டும் என்று யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறார். யாரும் கேட்பதில்லை என்று வருத்தம்.

அப்பா எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு நான் பள்ளியில் போய்ச் சேர்ந்தேன். அதற்குள் கோவிந்தன் அண்ணன் தன் கடமையைச் செய்து முடித்திருந்தார். புதுக் கம்ப்யூட்டர் சாருக்குக் குடலிறக்க ஆபரேஷன்; சின்ன வயசிலேயே பாவம், பார்ட் டைமில் மூட்டை தூக்கிப் படித்த பிள்ளை; அதனால்தான் சேர லேட். முதல் நாள் லேபில் ஒரு மானிட்டரை நகர்த்தக் கை வைத்தேன். எங்கிருந்தோ ஓடி வந்து பிடுங்கிக்கொண்டார்.

"நீங்க தூக்கக் கூடாது சார். நான் இருக்கறன்ல."

மறுத்துச் சொல்லலாம்தான். எனக்கு இல்லை, எங்கள் அப்பாவுக்கு என்று ஆரம்பித்தால், அப்படியானால் அந்த இரண்டாவது கோடு யாருடையது என்று கேட்பார்கள். அதனால் சொல்லாமல் விட்டுவிட்டேன். இன்றுவரை அந்தப் பள்ளியில் நான் சாக்பீஸ் டப்பாவுக்கு மேல் எதையும் தூக்கியதில்லை. விளையாட்டு விழாவில் கயிறு இழுக்கும் போட்டிக்கு ஆசிரியர்கள் அணியில் என் பெயர் வந்தால், அன்று நான் குழறியது புரியாத மேடமே அடித்துவிடுவார். தாளாளர் மட்டும் தாழ்வாரத்தில் எதிரே வரும்போது, நமக்குள் இருக்கட்டும் என்கிற மாதிரி லேசாகக் கண்ணைச் சிமிட்டுவார்.

வீட்டு போனிலும் அக்கா போனிலும் தனித்தனி ஐடி போட்டுக் கொடுத்துவிட்டேன். பாஸ்வேர்டு எல்லாவற்றையும் மறுபடி நான்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன். அக்காவுக்குப் பெண் குழந்தை. பார்க்க வருகிறவர்களிடம் அவள் தவறாமல் ஒன்று சொல்வாள்: "எங்க ஊட்ல மொதல்ல மாசமானது எந்தம்பிதான். நான் அப்புறம்தான்." வந்தவர்கள் என் வயிற்றைப் பார்ப்பார்கள். (பள்ளியில் எதையும் தூக்காததால் அதுவும் கொஞ்சம் சந்தேகப்படும்படியாகத்தான் இருக்கிறது.)

போன வாரம் கேஸ் சிலிண்டர் வந்தது. வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அப்பா அதைப் பார்த்தார். அவர் தூக்கக் கூடாது. நானும் பார்த்தேன், பழக்கதோஷத்தில் யாராவது ஓடி வந்து வாங்கிக்கொள்வார்கள் என்று சும்மா நின்றேன். அம்மா எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, சிலிண்டரை உருட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

அப்பா என் பக்கம் திரும்பினார்.

"காலமெல்லாம் மூட்டை தூக்குனவன் நானு. தூக்கிக் கெட்டுப் போனான்னு பேரு வாங்குனவன் நீ. இதத்தாண்டா படிப்புங்கறது."